எந்தக் கியரில் ஏறினீர்களோ, அந்தக் கியரில் இறங்குங்கள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏற்காடு அடிவாரத்தில் ஒரு டீக்கடை வாசலில் நின்று பாருங்கள். மலையிலிருந்து கார்கள் வரிசையாக இறங்கி வரும். நாலைந்து கார் கடந்து போனதும் ஒரு வாடை மூக்கைத் துளைக்கும். ரப்பர் கருகியது போலவும் இருக்கும், பழைய கோணிப்பையைக் கொளுத்தியது போலவும் இருக்கும். காருக்குள் இருப்பவர்கள் கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டிருப்பதால் அவர்களுக்கு அது எட்டாது. டீ குடிக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அது பிரேக் சூடேறிக் கருகும் வாடை.

அந்த வாடை வராமல் இறங்க முடியும். புது வண்டி வேண்டியதில்லை, இருபது வருஷ அனுபவமும் வேண்டியதில்லை. என்ஜினையே பிரேக்காக வைத்துக்கொள்வது எப்படி என்று தெரிந்தால் போதும். இதைத்தான் என்ஜின் பிரேக் என்கிறார்கள். லாரிக்காரர்கள் 'கியர்ல இறக்குறது' என்பார்கள். லைசென்ஸ் வாங்கி ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகி, முதல் தடவையாகக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்புகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எட்டுப் போடவும் ரிவர்ஸ் எடுக்கவும் நமக்குச் சொல்லித் தந்தார்கள். சமவெளியில் ஓட்டக் கற்றவர்களுக்கு இறக்கத்தைப் பழகிப் பார்க்க வாய்ப்பே கிடைத்திருக்காது.

எல்லோரும் ஏறுவதற்குத்தான் பயப்படுகிறார்கள். ஏற்றத்தில் ஏதாவது தப்பு நடந்தால் பெரும்பாலும் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். இறக்கத்தில் தப்பு நடந்தால் வண்டி நிற்காது. கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

மூன்று குடம் தண்ணீர்

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காடு ஏறக்குறைய 1500 மீட்டர். ஊரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தூரம். அதிலும் அஸ்தம்பட்டி, கோரிமேடு எல்லாம் தாண்டி அடிவாரம் போன பிறகுதான் உண்மையான ஏற்றம் ஆரம்பிக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையின் 70 வளைவுகளோடு ஒப்பிட்டால் இது குறைவுதான் என்று சொல்வார்கள். ஆனால் ஏறுகிற உயரம் என்னவோ 1200 மீட்டர் இருக்கிறது.

ஏறும்போது பெட்ரோலை எரித்து வண்டியை அந்த 1200 மீட்டருக்குத் தூக்கி வைக்கிறோம். அந்த உழைப்பு எங்கேயும் தொலைந்து போவதில்லை. வண்டி மேலே இருக்கிற வரைக்கும் அதுவும் வண்டியோடு மேலேயே இருக்கிறது. கீழே வரும்போது மொத்தமும் வெளியே வந்தாக வேண்டும். ஒன்று, வேகமாக மாறி வெளியே வரும். இல்லை என்றால் சூடாக மாறி வெளியே வரும். வேகம் கூடக் கூடாது என்று நாம் பிரேக்கை மிதிப்பதால், அத்தனையும் சூடாகிறது.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சின்னக் கார், உள்ளே நாலு பேர், டிக்கியில் கொஞ்சம் சாமான், எல்லாம் சேர்த்து 1200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வருவதற்குள் இந்தக் கார் வெளியேற்ற வேண்டிய சக்தி சுமார் 1 கோடியே 40 லட்சம் ஜூல். ஜூல் என்று சொன்னால் மனதில் ஒன்றும் படியாது. அது மூன்று குடம் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு சூடு. வேறு விதமாகச் சொன்னால், 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற காரை 80 தடவைக்கு மேல் முழுசாக நிறுத்துவதும், இந்த மலையில் ஒரு முறை இறங்குவதும் சக்திக் கணக்கில் ஒன்றுதான். ஒரு பங்கைக் காற்றும் டயர் உராய்வும் வாங்கிக்கொள்ளும் என்றாலும், மீதியே பெரும் பங்கு. ஆட்கள் நிறைந்த பஸ்ஸுக்கு இதைப் போலப் பத்து மடங்குக்கு மேல்.

இத்தனை சூட்டையும் நாலு சக்கரத்துக்குள் இருக்கிற உள்ளங்கை அகலப் பட்டைகள் மேலேயே சுமத்தினால் என்ன ஆகும்? இரண்டு விதமாகப் பிரேக் கைவிடும்.

முதல் விதம், பிரேக் பேட் என்கிற அந்தப் பட்டையே தன் பிடிப்பை இழப்பது. அளவு மீறிச் சூடானால் பேடுக்கும், சக்கரத்தோடு சுற்றுகிற தகடான டிஸ்க்குக்கும் நடுவே உராய்வு குறைந்துவிடும். பெடல் காலுக்குக் கல் மாதிரிக் கெட்டியாகத்தான் இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் வண்டி சறுக்கிக்கொண்டே போவது போல இருக்கும்.

இரண்டாவது விதம் இதைவிட மோசமானது. பெடலை நாம் மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரம் வரைக்கும் கொண்டுபோவது பிரேக் ஆயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும் குணம் உள்ளது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது அதற்குரிய தரம். ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. சக்கரத்துச் சூடு ஆயிலுக்கு ஏறி அது கொதித்தால் குமிழி கிளம்பும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆனால் குமிழியைச் சுருக்கலாம். அதனால் நாம் மிதிப்பதெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்த் தரையில் முட்டும், வண்டி நிற்காது. பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்வது இதனால்தான். சர்வீஸ் பில்லில் நாம் முதலில் வெட்டுகிற வரியும் பெரும்பாலும் இதுதான். தயவுசெய்து இதை வெட்டாதீர்கள்.

எனக்கு நடந்தது இந்த இரண்டாவது விதத்தின் ஆரம்பம். கார் ஓட்டத் தொடங்கிய முதல் வருஷம், அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு போயிருந்தேன். ஏறும்போது இரண்டாவது கியரும் மூன்றாவது கியருமாக மாற்றி மாற்றி நன்றாகவே ஏறினேன். இறங்கும்போதுதான் வண்டி தானாகவே ஓடுகிறதே என்று மூன்றிலும் நாலிலும் விட்டுவிட்டேன். கால் முழு நேரமும் பிரேக் மேலேயே இருந்தது. பாதி மலை இறங்கியிருப்போம். வழக்கமாகப் பிடிக்கிற இடத்தைத் தாண்டிப் பெடல் இன்னும் கொஞ்சம் கீழே போயிற்று. அடுத்த வளைவில் இன்னும் கொஞ்சம். அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்று நான் பேசாமல் இருந்தேன்.

சாலை கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் காப்பி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஓரம் கட்டி நின்றது. அதன் டிரைவர் கீழே நின்றுகொண்டிருந்தார். எங்கள் கார் வாடை அவருக்கு முன்னாலேயே எட்டியிருக்க வேண்டும். இரண்டு கையையும் விரித்து ஆட்டி நிறுத்தச் சொன்னார். ஹேண்ட் பிரேக்கும் சேர்த்து இழுத்துத்தான் நிறுத்தினேன்.

"ஏம்மா, ஏறும்போது எந்தக் கியர்ல ஏறுனீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு, மூணுங்க."

"இப்ப எதுல வர்றீங்க?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஏறுன கியர்லயே இறக்குங்கம்மா. கால பிரேக்கு மேலயே வெச்சிருக்காதீங்க. என்ஜின் புடிச்சிக்கும்" என்றார். அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

என்ஜின் எப்படிப் பிடிக்கும்?

ஊசி போடுகிற சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு பின்னால் இழுத்துப் பாருங்கள். இழுக்க முடியாமல் கை திணறும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்ரோல் என்ஜினுக்குள் நடப்பதும் அதுதான். காற்று வரும் வழியை ஒரு தகடு ஏறக்குறைய மூடிவிடுகிறது. கீழே இறங்கும் ஒவ்வொரு பிஸ்டனும், அடைத்த சிரிஞ்சை இழுப்பது போல, வராத காற்றை இழுத்துத் திணறுகிறது. கியரில் இருக்கும்போது சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. என்ஜின் இப்படி முரண்டு பிடிப்பதால் சக்கரத்தின் வேகம் அடங்குகிறது. டீசல் என்ஜினில் பொதுவாக அப்படி அடைக்கும் தகடு கிடையாது, அதனால் பிடிப்பு கொஞ்சம் மாறும். பஸ்ஸிலும் லாரியிலும் அதற்காகவே எக்ஸாஸ்ட் பிரேக் என்று ஒன்று இருக்கிறது. புகை போகும் குழாயை ஒரு மூடியால் அடைத்து, என்ஜினை இன்னும் திணற வைக்கும்.

கியர் குறையக் குறையப் பிடிப்பு கூடும். சின்னக் கார்களில் சுமாராகச் சொன்னால், ஐந்தாவது கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது என்ஜின் மூன்று சுற்றுச் சுற்றும். இரண்டாவது கியரில் எட்டு, முதல் கியரில் பதினாலு. ஒரே தூரத்துக்கு அத்தனை தடவை கூடுதலாகச் சிரிஞ்சை இழுக்க வேண்டியிருக்கிறது. இதில் பிறக்கும் சூட்டைச் சமாளிக்க என்ஜினுக்கு ரேடியேட்டர் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, ஆயில் இருக்கிறது. பாவம் பிரேக்குக்கு, மேலே பட்டுப் போகிற காற்று மட்டும்தான்.

சரி, ஓட்டும்போது என்ன செய்ய வேண்டும்? இறக்கம் ஆரம்பிப்பதற்கு முன்பே, சமமான இடத்திலேயே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். வண்டி ஓட்டம் பிடித்த பிறகு பாதி இறக்கத்தில் பதறிக் கியர் குறைப்பது கடினம். அப்படி ஒருவேளை மாட்டிக்கொண்டால் முதலில் பிரேக் போட்டு வேகத்தைக் குறையுங்கள், அப்புறம் ஒரு கியர் குறைத்துக் கிளட்சை மெதுவாக விடுங்கள். நாலிலிருந்து நேராக ஒன்றுக்குத் தாவினால் சக்கரம் வழுக்கும், என்ஜினும் கெடும்.

சரியான கியர்தானா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. நேரான இறக்கத்தில் இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்துவிடுங்கள். வண்டி ஒரே வேகத்தில் போனால் கியர் சரி. வேகம் ஏறிக்கொண்டே போனால் இன்னும் ஒன்று குறைக்க வேண்டும். குறைத்ததும் என்ஜின் கத்தும். புதிதாக ஓட்டுகிறவர்கள் இந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் மறுபடி மூன்றாவது கியருக்குப் போகிறார்கள். என்ஜின் சுற்று காட்டும் முள் 3000, 3500 என்று காட்டுவதில் எந்தக் கெடுதலும் இல்லை. சிவப்புக் கோடு அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறது. மேட்டூர் ரோட்டில் வேகமாகப் போகும்போதும் அதே என்ஜின் அதே அளவு சுற்றத்தான் செய்கிறது, மற்ற சத்தத்தில் நமக்குக் காது கேட்பதில்லை.

பிரேக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. வளைவு வருவதற்கு முன், நேராக இருக்கும்போதே ஒரு தடவை நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, காலை முழுசாக எடுத்துவிட வேண்டும். எடுத்திருக்கும் நேரத்தில்தான் அது ஆறும். லேசாக மிதித்தபடியே ஒரு கிலோமீட்டர் வருவதுதான் பிரேக்குக்குக் கேடு.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டவுன் டிராஃபிக்கில் ஓட்டிப் பழகியவர்களுக்குப் பிரேக்கோடு சேர்த்துக் கிளட்சையும் மிதிக்கும் பழக்கம் இருக்கும். ஐந்து ரோட்டு சிக்னலில் அதனால் ஒன்றும் ஆகாது. மலை இறக்கத்தில் கிளட்சை மிதித்த கணமே என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இருந்த பிடி அறுந்துவிடுகிறது. கியர் எத்தனையில் இருந்தாலும் அது நியூட்ரல்தான். கொண்டை ஊசி வளைவுக்குள் வண்டி திரும்பிக்கொண்டிருக்கும்போது கிளட்ச் மேல் கால் போகவே கூடாது. நிற்கப் போகிற கடைசி நொடியில் மிதித்தால் போதும்.

நியூட்ரல் என்றதும் சேலத்துக்காரர்களுக்குத் தொப்பூர் ஞாபகம் வரும். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொப்பூர் கணவாயில் இறங்குகிறது. அங்கே நடந்த லாரி விபத்துகளைப் பற்றி ஆண்டுதோறும் படித்துக்கொண்டே இருக்கிறோம். ஏற்காடு மாதிரி அங்கே கொண்டை ஊசி வளைவு எதுவும் இல்லை. அகலமான நல்ல சாலை. அதனாலேயே இறக்கம் கண்ணுக்குத் தெரியாது. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டு, பாரத்தோடு வேகம் பிடித்துப் பிரேக் பிடிக்காமல் போகிற கதை அங்கே திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. ஏற்காட்டுக்குப் போகாதவர்களும் பெங்களூரிலிருந்து வரும்போது இதைக் கடந்தாக வேண்டும்.

அந்த மிச்சக் கணக்கே தப்பு. இன்றைய வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால், எரிபொருள் தெளிப்பதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். சக்கரமே என்ஜினைச் சுற்றிக்கொண்டிருப்பதால் எரிபொருள் தேவைப்படாது. நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்கத் தானே எரித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆக, நியூட்ரலில்தான் செலவு. சிலர் என்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறார்கள், அது இன்னும் ஆபத்து. காரில் பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டர் இரண்டு மூன்று மிதிக்கு மேல் தாங்காது, பவர் ஸ்டியரிங் இறுகிவிடும். லாரியில் ஏர் பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸரே என்ஜினில்தான் ஓடுகிறது.

மற்ற வண்டிகளுக்கும் இதே கதைதான், கைப்பழக்கம் மட்டும் மாறும். ஆட்டோமேட்டிக் காரில் டி-யிலேயே விடாமல் எல் அல்லது 2, இல்லை மேனுவல் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கியர் பைக்கில் இரண்டாவது கியர். கியர் இல்லாத ஸ்கூட்டரில்தான் சிக்கல்: ஆக்சிலேட்டரை முழுசாக விட்டு வேகம் குறைந்ததும் அதன் கிளட்ச் தானாகவே விலகிவிடும், அப்புறம் என்ஜின் பிடிக்காது. இரண்டு பேர் உட்கார்ந்து இறங்கினால் நடுவழியில் ஓரிரு இடத்தில் நிறுத்திப் பிரேக்கை ஆறவிட்டுத்தான் வர வேண்டும். மின்சாரக் காரில் இறக்கத்தில் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பேட்டரி முழுசாக நிறைந்திருந்தால் அந்த மின்சாரம் போக இடம் இருக்காது, பிடிப்பும் குறைந்துவிடும். அதனால் மலைமேல் தங்குகிற இடத்தில் 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்காதீர்கள்.

யார் நிற்பது?

மலைப்பாதையில் இரண்டு வண்டி போக இடம் இல்லாத இடத்தில் எதிரெதிரே வந்துவிட்டால், இறங்குகிற வண்டிதான் ஓரமாக நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். 1989-இல் வந்த சாலை விதிகளிலேயே இது எழுதியிருந்தது. ஏன் என்று ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்ப, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஹாஃப் கிளட்சில் பிடித்து, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். பாரம் அதிகம் என்றால் கிளட்ச் பிளேட் கருகும். அதற்குப் பின்னால் நிற்கிற பத்து வண்டிக்கும் அதே பாடு. இறங்குகிறவருக்கோ பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், வண்டி தானாகக் கிளம்பிவிடும். யாருக்கு நிற்பது சுலபமோ அவர் நிற்க வேண்டும் என்பதுதான் இந்த விதியில் இருக்கிற நியாயம்.

கொண்டை ஊசி வளைவில் இது இன்னும் முக்கியம். நீங்கள் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள், கீழேயிருந்து சேலம் பஸ் ஏறி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் இடது பக்கம் திரும்பி ஏற வேண்டிய வளைவு. பஸ்ஸின் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்திலேயே வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் டிரைவர் முதலில் வலது பக்கம் விரித்து, உங்கள் பக்கத்துச் சாலையை முழுசாக எடுத்துக்கொண்டுதான் இடதுபுறம் ஒடிக்க முடியும். நீங்கள் 'என் பக்கம்தானே' என்று வளைவுக்குள் மூக்கை நீட்டிவிட்டால் அவரால் முன்னாலும் போக முடியாது, ஐம்பது பேரை வைத்துக்கொண்டு சரிவில் பின்னாலும் எடுக்க முடியாது. பிறகு உங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். மே மாதக் கோடை விழா சமயத்தில் அரை மணி நேரம், ஒரு மணி நேரம் என்று மலை அடைத்துக்கொள்வதில் பாதி இப்படி ஆரம்பித்ததாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

ஆகவே, வளைவின் எண் போட்ட பலகையைப் பார்த்ததும் கீழே எட்டிப் பாருங்கள். பல வளைவுகளில் கீழே வருகிற வண்டி மரங்களுக்கு நடுவே முன்கூட்டியே தெரியும். பஸ்ஸோ லாரியோ வந்தால் வளைவுக்கு இரண்டு மூன்று கார் நீளம் மேலேயே, இடது ஓரமாக நின்றுவிடுங்கள். நின்றதும் ஹெட்லைட்டை அடித்துக் காட்டாதீர்கள். நம் ஊரில் லைட் அடித்தால் 'நான் வருகிறேன், நீ நில்' என்று அர்த்தம். லைட்டை டிம் செய்து, இடது இண்டிகேட்டர் போட்டு, கையை வெளியே நீட்டி வாங்க என்று காட்டினால் எவருக்கும் புரியும். பஸ் முக்கி முனகித் திரும்பி உங்களைத் தாண்டும்போது டிரைவர் ஸ்டியரிங்கை விடாமலே இரண்டு விரலைத் தூக்குவார். அந்த இரண்டு விரலைப் பார்த்த நாள் எனக்கு நல்ல நாள்.

இப்போது முன்னால் சொன்னதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். வழிவிட நினைக்கிறவருக்கு நினைத்த இடத்தில் நிற்க முடிய வேண்டும். நாலாவது கியரில் பிரேக்கைக் காயவிட்டு வருகிறவர் எவ்வளவு நல்ல மனுஷராக இருந்தாலும் அவரால் வழிவிட முடியாது. இரண்டாவது கியரில் மெதுவாக வருகிறவருக்குப் பிரேக் ஆறியே இருக்கிறது, எங்கேயும் நிற்கலாம்.

விதி இப்படி என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. நீங்கள் சின்னக் காரில் ஏறுகிறீர்கள், பக்கத்திலேயே ஒதுங்க இடம் இருக்கிறது, எதிரே மூட்டை ஏற்றிய லாரி இறங்கி வருகிறது என்றால் நீங்களே ஒதுங்கிவிடுங்கள். ஏறும்போது முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு கார் நீளமாவது விடுங்கள், அது கிளம்பும்போது பின்னால் உருளக் கூடும். உங்களுக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டால் அகலமான இடத்தில் ஒதுங்கி அவர்களை அனுப்பிவிடுங்கள். குரங்குக்கு பிஸ்கட் போடவும் போட்டோ எடுக்கவும் வளைவில் நிறுத்துவதை எப்படிச் சொன்னாலும் மன்னிக்க முடியாது. அந்தக் குரங்குகள் வண்டிக்கு நடுவே ஓடப் பழகியதே நாம் போட்ட தீனியால்தான்.

பனிமூட்டத்தில் லோ பீம் போடுங்கள்; ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும்போது நாலு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடாதீர்கள், நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. எதிர்ப்புறம் தெரியாத வளைவில் பகலில் ஒரு சின்ன ஹாரன், ராத்திரியில் டிம்மும் பிரைட்டும் போதும். மழைக்காலத்தில் மண்ணும் கல்லும் சரிந்து கிடக்கலாம். ராத்திரியில் காட்டெருமை நடுரோட்டில் நிற்கலாம். இரண்டாவது கியரில் வருகிறவருக்கு அதற்கும் நேரம் கிடைக்கும்.

எல்லாம் செய்தும் வாடை வந்துவிட்டால், அல்லது பெடல் கீழே போவது போல இருந்தால், அடுத்த அகலமான இடத்திலேயே நிறுத்துங்கள். அடிவாரம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். பெடல் சுத்தமாகப் பிடிக்கவில்லை என்றால் கியரை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு, பெடலை வேகமாகப் பலமுறை மிதித்துப் பார்த்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைச்சுவர் இருக்கும் பக்கமாக ஒதுக்கப் பாருங்கள். நின்ற பிறகு அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பழுக்கச் சூடான டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது கோணிப்போகும், விரிசலும் விடலாம்.

அன்று நான் செய்யப் பார்த்ததும் அதுதான். வாட்டர் பாட்டிலோடு முன்சக்கரத்துக்குப் போனேன். "ஊத்தாதீங்கம்மா, தானா ஆறட்டும்" என்று அந்த டிரைவர் தடுத்தார். கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடச் சொன்னார், சூட்டோடு இழுத்து வைத்தால் பின்பிரேக் பிடித்துக்கொள்ளும் என்று. பிறகு ஓரத்திலிருந்து தலையளவுக் கல் ஒன்றைத் தேடி எடுத்து வந்து சக்கரத்துக்கு முன்னால் அண்டக் கொடுத்தார். அரை மணிக்கு மேல் நின்றோம். அம்மா கூடையிலிருந்து முறுக்கு எடுத்துக் கொடுத்தார். டிரைவர் இரண்டை வாங்கிக்கொண்டு, மழையில் எந்த இடத்தில் தண்ணீர் குறுக்கே ஓடும் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது பெடலை நாலைந்து தடவை மிதித்துப் பார்க்கச் சொன்னார். கெட்டியாகி இருந்தது. இரண்டாவது கியர் போட்டு மெல்ல நகர்த்தினேன். கண்ணாடியில் பார்த்தால், நான் மறந்துவிட்டு வந்த அந்தக் கல்லை அவர் குனிந்து தூக்கிக்கொண்டு போய்த் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டார். அப்பா கண்ணாடியை இறக்கி நன்றி சொன்னதற்கு, "பின்னாடி பைக்குல யாராச்சும் வருவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு லாரியில் ஏறினார்.